பத்தாவது படிக்கும் மகனின் ஜியோமெட்ரி பாக்ஸில் புகையிலைப் பொட்டலம் கிடைத்தது. அடுத்து என்ன செய்வது?

லைன்வீட்டு அம்மா (திருப்பூர்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர இரவு எட்டரை ஆகிவிடும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பையன், பத்தாவது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்கூல் பையைத் துவைக்கலாம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. ஒரு சின்னப் பாக்கெட் இருந்தது. அதற்குள் குட்டித் தலையணை மாதிரி வெள்ளைப் பொட்டலம் நாலு. மோந்து பார்த்தால் புதினா மிட்டாய் வாசம். வாய் மணக்கப் போடுகிற ஏதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துவிட்டு, "ஐயோ, இது புகையிலை கண்ணு, உதட்டுக்குள்ள வெக்கறது" என்றார்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சாராயமாம்மா குடிச்சேன்? எல்லாரும் வெக்கறாங்க, சும்மா சில்லுனு இருக்கும்" என்றான். கை நீட்டிவிட்டேன். அவனை அடித்து நாலைந்து வருஷம் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு மாசமாகவே அவன் குழம்பு ஊற்றிக்கொள்வதில்லை. காரம் எரியுது, தயிர் ஊற்று என்பான். வயசுப் பையன் சூடு பிடித்திருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அது இதனாலா?

அவன் போனை வாங்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளிப்பதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். ஒரே ரீல்ஸ்தான். ஹீரோ மெதுவாக நடந்து வருவார், பற்ற வைப்பார், புகை சுருள் சுருளாகப் போகும், பின்னால் அடி அடி என்று பாட்டு. அதற்குக் கீழேயே இவன் வகுப்புப் பையன்கள் அதே மாதிரி நடந்து வந்து எடுத்த வீடியோ. வயிறு கலங்கிவிட்டது. சினிமாதான் இவனைக் கெடுத்ததா? போனை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

போனை வாங்கியதிலிருந்து தலை வலிக்கிறது என்கிறான், எது கேட்டாலும் எரிந்து விழுகிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் புரண்டுகொண்டே இருக்கிறான். போனுக்கு அடிமையாகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கூலில் சொன்னால் டிசி கொடுத்துவிடுவார்களோ, போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பயம். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பெல்ட்டை எடுப்பார்.

---

பழைய ஆளு:

இதற்கெல்லாம் ஒரு விவாதத் திரியா? நாலு சாத்து சாத்தினால் தானாகச் சரியாகும். சினிமா சினிமா என்று அழ வேண்டாம். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பழகி முன்பல் உடைந்தவன் எங்கள் வகுப்பிலேயே இருந்தான். எல்லோருமா கெட்டுப் போனோம்?

---

கரும்பலகை:

பழைய ஆளு அண்ணா, நீங்கள் தப்பித்தது சந்தோஷம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இன்று தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

அம்மா, நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நீங்கள் பார்த்தது கூல் லிப். எங்கள் பள்ளிக் கழிவறைச் சுவரில் துப்பாமல் ஒட்டி வைத்துவிட்டுப் போவார்கள், காய்ந்த பல்லி எச்சம் மாதிரி இருக்கும். தூய்மைப் பணி செய்யும் அக்கா கத்தியால் சுரண்டி எடுப்பார். பீடி, சிகரெட் என்றால் வாசனையில் பிடித்துவிடலாம். இது உதட்டுக்குள் இருக்கும்போதே நான் கேள்வி கேட்பேன், பையன் எழுந்து நின்று பதிலும் சொல்லிவிடுவான். மாணவர்களிடம் இது பரவுவதைப் பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. அதனால் உங்கள் மகன் மட்டும் ஏதோ விசித்திரம் என்று நினைக்காதீர்கள்.

சினிமா பற்றி. திரையரங்கிலும் டிவியிலும் 2012 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. யாராவது புகைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும், படம் தொடங்கும் முன்னும் இடைவேளையிலும் புற்றுநோய் விளம்பரம் போட வேண்டும். 2023 செப்டம்பரில் ஓடிடி தளங்களுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். சரி, பையன்கள் முழுப் படமா பார்க்கிறார்கள்? ரீலுக்காக அகலப் படத்தை நெடுக்காக வெட்டும்போது இரண்டு ஓரமும் போய்விடும். எச்சரிக்கை வரியில் மிஞ்சுவது "டித்தல் உடல்நலத்திற்" மட்டும்தான். நான் வகுப்பில் இதைப் போர்டில் எழுதி, இது என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தப் படத்துக் காட்சி, என்ன பாட்டு என்று கேட்டிருந்தால் நாற்பது பேரும் சொல்லியிருப்பார்கள்.

ஆக, தாக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் (சர்ஜன் ஜெனரல்) 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், திரைப்படத்தில் புகைப்பதைப் பார்ப்பதற்கும் இளவயதினர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண-விளைவுத் தொடர்பே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் படத்தில் எந்த ஹீரோவும் கூல் லிப் வைப்பதில்லையே அம்மா? நான் பார்த்தவரை சினிமா செய்வது வேறு. "இது ஒரு விஷயமே இல்லை, ஆம்பளைப் பசங்க அப்படித்தான்" என்று பழக்கிவிடுகிறது. பொருளைக் கையில் கொடுப்பது பக்கத்து பெஞ்சுக்காரன். முதல் பொட்டலத்துக்குக் காசு வாங்கவே மாட்டான்.

டிசி பற்றிப் பயப்படாதீர்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். நாங்கள் டிசி கொடுத்து அனுப்பினால் அந்தப் பையன் அடுத்த பள்ளியில் போய் அதையே செய்வான், அவ்வளவுதான்.

---

வார்டு சிஸ்டர்:

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை மூன்றுக்கும் போன் காரணமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தது போனை மட்டுமா? பொட்டலத்தையும்தானே. நிக்கோட்டின் நின்றால் உடம்பு இப்படித்தான் கேட்கும். முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். அப்புறம் மெல்ல இறங்கி இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அவன் எரிந்து விழுவது உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் இல்லை.

வாயின் உள்தோல் மெல்லியது, அதன் வழியே நிக்கோட்டின் நேராக ரத்தத்தில் கலக்கும். புகையிலையின் காட்டத்தைப் புதினா மறைத்துவிடுவதால் முதல் தடவையே துப்பத் தோன்றாது. வடிகட்டிப் பை மாதிரி இருப்பதால் "நேரா தோலில் படாது, ஒண்ணும் ஆகாது" என்று பையன்கள் நம்புகிறார்கள். சாறு இறங்கத்தானே பை?

எனக்குக் கவலை தருவது அந்தக் காரம் எரியும் விஷயம். பொட்டலம் வைத்த இடம் புண்ணாகியிருக்கலாம். பாக்குக் கலந்த மாவா, குட்கா எதையாவதும் சேர்த்துப் போட்டிருந்தால் வாயின் உட்பக்கம் நார் மாதிரி இறுகத் தொடங்கும். அதன் முதல் அறிகுறியும் காரம் எரிவதுதான். பின்னால் வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும், புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். இப்போதே செய்து பாருங்கள்: அவனுடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழைந்தால் நல்லது. நுழைந்தாலும் பல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, அங்கே திட்ட மாட்டார்கள். (திட்டினால் இங்கே வந்து என்னைத் திட்டுங்கள்.)

புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண் 1800 11 2356. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழில் பேசலாம். நிக்கோட்டின் சூயிங்கம் என்று யாராவது சொன்னால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அவன் 18 வயது ஆகாதவன், டாக்டர் சொல்லட்டும். ஏக்கம் வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குச் சீரகமோ நெல்லிக்காயோ பையில் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. பெற்றோர் எல்லாம் கஞ்சாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுப் பெட்டியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. எய்ம்ஸ் தேசிய அளவில் எடுத்து 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் இருந்த ஒரே போதை எது தெரியுமா? மோந்து இழுக்கும் வகை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், வைட்னர். 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. மூளையையும் நுரையீரலையும் கெடுப்பது ஒருபுறம், முதல் தடவை இழுத்தபோதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனவர்களும் உண்டு. உங்கள் பையன் அதைச் செய்கிறான் என்று சொல்லவில்லை. பையைத் துவைக்கும்போது பார்க்க வேண்டியதில் அதுவும் ஒன்று.

வீட்டில் வேறு யாருக்காவது புகையிலைப் பழக்கம் உண்டா? இதை நாங்கள் எல்லோரிடமும் கேட்போம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

முக்குக்கடை:

கடைக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. என் கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் ஸ்கூல் கேட் தெரியும். கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது, 2003 சட்டம். அதனால் சிகரெட்கூட நான் வைப்பதில்லை. கூல் லிப், ஹான்ஸ் எல்லாம் 2013-லிருந்து தமிழ்நாட்டிலேயே தடை, வருஷா வருஷம் நீட்டிக்கிறார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்த வாரமே ஒருவர் பைக்கில் வந்தார். "இனிமே பயமில்ல அண்ணே, ரெண்டு பண்டல் போட்டுட்டுப் போறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது, ஆளும் காணாமல் போனார்.

விற்று மாட்டினால் முதல் தடவையே 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடைக்கு சீல். அப்படியிருந்தும் ஏன் விற்கிறார்கள் என்றால், கடலை மிட்டாயில் கிடைக்காத லாபம் அதில் கிடைக்கிறது. பண்டல் பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது, கடையில் கல்லாப்பெட்டிக்கு அடியிலோ அண்டர்வேர் பாக்கெட்டிலோ இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னிடம் வந்து கேட்கும் சின்னப் பையன்களில் பாதிப் பேர் "எங்கப்பாவுக்குண்ணே" என்பான். பொய் என்றுதான் நினைப்பேன். பல சமயம் பொய் இல்லை.

---

மறுபடி ஒருவன்:

எனக்கு 27 வயது, வடசென்னை. ஒன்பதாவதில் மாவா, பதினேழில் கஞ்சா, இருபதில் வலி மாத்திரை. மூன்று வருடம் ஆகிறது விட்டு. எல்லோரும் என் வழியிலேயே வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். என்னோடு மாவா போட்டவர்களில் நிறையப் பேர் அதோடு நின்றார்கள். உங்கள் பையனை என் கதையால் பயமுறுத்த வேண்டாம் அக்கா, இது மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

சினிமா பற்றிப் பேசுகிறீர்கள். அந்த மாத்திரையின் பெயர் எனக்கு எந்தப் படத்திலும் தெரியவில்லை, செய்தியில் தெரிந்தது. "போதை மாத்திரை விற்ற கும்பல் கைது" என்று போட்டு, மேசையில் அட்டை அட்டையாக அடுக்கி, கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பெயர் படிக்கிற மாதிரி காட்டினார்கள். எந்த மாதிரிக் கடையில் வாங்கினார்கள், என்ன விலை, அதையும் சொன்னார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டிப்பதாக நினைத்துத்தான் அவர்கள் போட்டார்கள், எனக்கு அது முகவரியாக இருந்தது.

புற்றுநோய், முதுகெலும்பு ஆபரேஷன் என்று தாங்க முடியாத வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற ஜாதி மாத்திரை அது. அபினி குடும்பம். முதல் மாதம் உலகத்தில் எந்தக் கவலையும் இல்லை. அப்புறம் மலச்சிக்கல், உடம்பெல்லாம் அரிப்பு, நின்றபடியே தூங்கி விழுவது. அதற்கும் அப்புறம், போட்டால் போதை வராது, போடாவிட்டால்தான் எல்லாம் வரும்: கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் யாரோ ரம்பம் வைத்து அறுப்பது மாதிரி வலி. சும்மா இருப்பதற்காகவே போட வேண்டியிருக்கும்.

என் நண்பன் ஒருவன் மாத்திரையோடு சரக்கும் அடித்துவிட்டு வீட்டில் படுத்தான். பெரிதாகக் குறட்டை விட்டான். நன்றாகத் தூங்குகிறான் என்று அவன் அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அது குறட்டை இல்லை, மூச்சு திணறுகிற சத்தம். காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது. எழுப்பினால் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலமாகி, கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருந்தால் உடனே 108. என்ன போட்டான் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அதை முறிக்க ஊசி மருந்து இருக்கிறது.

போலீஸ் பயம் பற்றி. உங்கள் பையன் விஷயம் புகையிலை, அதற்கு அவன் மேல் போதைப்பொருள் வழக்கு வராது. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 77-படி, 18 வயது ஆகாதவனுக்குப் புகையிலை கொடுத்தவனுக்குத்தான் 7 வருடம் வரை ஜெயில். கஞ்சா, மாத்திரை மாதிரி விஷயத்தில் சிக்கிய குடும்பங்களுக்கு: போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் வைத்திருந்த அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. எங்கள் வக்கீலுக்கே இது தெரியவில்லை, நான்தான் காட்டினேன்.

மறுவாழ்வு மையம் தேடுபவர்கள் போர்டைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். என்னை முதலில் கொண்டுபோய் விட்ட இடத்தில் டாக்டரே கிடையாது, கம்பிதான் இருந்தது. பதினாறாவது நாள் சுவர் ஏறிக் குதித்தேன். இரண்டாவது தடவை போனது அரசு மருத்துவமனை. அங்கே கதவு திறந்துதான் இருந்தது, நான் ஓடவில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, தேசிய போதை மீட்பு எண்.

---

பழைய ஆளு:

தம்பி, படித்தேன். சாத்து என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாக்பீஸ் கதை மட்டும் உண்மை.

---

லைன்வீட்டு அம்மா (திருப்பூர்), 12 நாள் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம்.

மூணு விரல் நுழைந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கீழ் உதட்டுக்குள் வெள்ளையாகச் சுருக்கம் விழுந்திருந்தது. அந்தப் பொண்ணு, டாக்டர்தான், சின்ன வயசு, கண்ணாடி ஒன்றை அவன் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றது. பார்த்தான். வீடு வரும்வரை பேசவில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், மூணு மாசத்தில் திரும்ப வரணும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிஸ்டர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஹான்ஸ் போடுவார். சனிக்கிழமை சம்பளம் வந்தால் குவார்ட்டரும் உண்டு. நான் அதைப் பழக்கம் என்றே நினைத்ததில்லை, ஆம்பளைகள் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அவரிடம் சொன்னபோது நினைத்த மாதிரியே கத்தினார், பெல்ட்டை எடுக்க எழுந்தும் போனார். பையன் நகரவில்லை. "ஆறாவதுல இருந்து நீங்கதானப்பா என்னைக் கடைக்கு அனுப்பி வாங்கியாரச் சொன்னீங்க, அந்தக் கடையிலதான் இதுவும் குடுத்தாங்க" என்றான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டு ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வந்தார். அவர் இன்னும் விடவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. பையனைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார், அவரே நடந்து போகிறார்.

வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். டிசி பேச்சே இல்லை. இவனோடு இன்னும் ஏழு பேர் என்றார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ராத்திரி ஒரு மணி நேரம். கரும்பலகை டீச்சர் எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். அந்த "டித்தல் உடல்நலத்திற்" வந்ததும் சிரித்துவிட்டான். அவன் போனிலேயே தேடி ஒன்று எடுத்தும் காட்டினான். அதில் இன்னும் மோசம், "தல் உடல்நல" மட்டும்தான் இருந்தது.

இடையில் ஒரு நாள் மறுபடி வைத்தான். ஆறாவது நாள். அவனாகவே வந்து சொன்னான். நான் கை நீட்டவில்லை, ஆனால் முகத்தை மறைக்க முடியவில்லை.

நேற்றுக் குழம்பு ஊற்றிக்கொண்டான். எரியலியா என்றேன், இல்லை என்றான். மிளகாய்த்தூளைப் பாதிதான் போட்டிருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.